அப்பாவின் தோளும் 14 நாள் கல்ச்சரும்

தோள்மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மாதக்கணக்காகியும் அப்பாவுக்கு வலி குறையவே இல்லை. காய்ச்சல் கிடையாது, சீழ் கிடையாது. உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் நார்மல். ஆனால் சட்டைக்குள் கையை நுழைக்கவே அம்மா கூட நிற்க வேண்டியிருந்தது. ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்று எத்தனை பேர் அவரைக் கடிந்துகொண்டார்கள்! இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

காரணம் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ், முகப்பருவோடு தொடர்புள்ள பாக்டீரியா. எல்லோர் தோலிலும் மயிர்க்கால்களுக்குள் இருக்கிறது. தோள், அக்குள் பக்கம் அதிகம். மேலே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே தங்கிவிடும். மிக மெதுவாக வளர்வதால் மூட்டிலிருந்து எடுத்த திசுவை ஆய்வகத்தில் கிருமி வளர்கிறதா என்று 14 நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். இதைத்தான் கல்ச்சர் என்கிறார்கள். எங்களுக்கு இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது.

கிருமி செயற்கை மூட்டின் உலோகத்தின் மேல் படலம் கட்டிக்கொள்வதால் மருந்து மட்டும் போதவில்லை. அந்த மூட்டைக் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிகமாக ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட் ஸ்பேசர் வைத்திருக்கிறார்கள். தொற்று அடங்கிய பிறகுதான் புது மூட்டு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வலி நீடித்தால், கல்ச்சரை இரண்டு வாரம் வைப்பார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாதிரி எடுக்கும் முன்பே ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் கிருமி சிக்காமல் போகலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.