பதிவுச் சான்று கேளுங்கள், கூரையையும் பாருங்கள்

மனநோய் உள்ள எங்கள் பையனுக்கு உதவித்தொகை, அட்டை, தங்க இடம் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை. வாலாஜாக்காரர்கள் இதற்காக வேலூருக்கு ஓட வேண்டாம். மாவட்டம் 2019-லேயே மூன்றாகப் பிரிந்துவிட்டது. பையனின் ஆதாரில்தான் இன்னும் வேலூர் மாவட்டம். அதை நம்பிப் போனதில் ஒரு நாள் போச்சு. உதவித்தொகைக்கு ராணிப்பேட்டை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான். முகவரியை முதலில் திருத்துங்கள்.

யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் போடுவது சுலபம். கவிழ்வது டாக்டர் முன்னால். நோயின் பெயர் மட்டும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. மனநோயின் பாதிப்பை அளக்கும் ஐடியாஸ் என்ற அளவுகோலில் நான்கைப் பார்ப்பார்கள்: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, பாதிப்பு கூடினால் எண்ணும் கூடும். எத்தனை வருஷமாக நோய் என்பதற்குத் தனி மதிப்பெண். கூட்டினால் 7 வந்தால்தான் 40 சதவீதப் பாதிப்பு என்று சான்றில் வரும். "மாத்திரை போட்டா நல்லா இருக்கான் சார்" என்று வீட்டுக் கௌரவம் பார்த்துச் சொல்லி வைக்காதீர்கள், எண் அங்கேயே இறங்கிவிடும். எத்தனை முறை சொன்னால் குளிக்கிறான், கடைசியாக எந்த வேலையில் எத்தனை நாள் நின்றான் என்று எழுதிக்கொண்டு போங்கள். முதன்முதலில் வாங்கிய மருந்துச் சீட்டும் வேண்டும். வருஷக் கணக்குக்கு அதுதான் சாட்சி.

தங்கவைக்க மனநல ஹோம் பார்க்கும்போது, 2017 மனநலச் சட்டப்படி வாங்கிய பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள். ஓரிடத்தில், "மூணு மாசம் யாரும் பார்க்க வரக்கூடாது, அப்பதான் செட் ஆவான்" என்றார்கள். ஆட்களைச் சந்திப்பதும் போனில் பேசுவதும் அவன் உரிமை. சங்கிலி போடுவதற்குச் சட்டத்திலேயே தடை. 18 தாண்டியவன் என்பதால் தனக்காகப் பேச ஒருவரை அவனே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவன் தெளிவாக இருக்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள், அட்மிஷன் அன்று முடியாமல் போகலாம்.

ஹோம் இல்லாமல் தனி ரூம் என்றால் நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஷீட் ரூம். லித்தியம் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவனை அதில் வைக்கவே கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வேர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும்: கை நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இவை. நோய் முற்றிவிட்டதாக நினைத்து ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்வார். வாடகை கூடினாலும் கீழ்த்தளம் பிடியுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.