ஸ்மோக் ஹவுஸுக்கு வீட்டு நம்பர் வாங்கிய கதை

ரப்பர் பால் சீட்டைப் புகை போட்டு உலர்த்திய பழைய ஸ்மோக் ஹவுஸை வீடாக்கி, போன மாதம்தான் குடி வந்தோம். மூன்று வருஷம், ஒரு தடித்த ஃபைல், தானா ஆபீஸுக்கு (நில அலுவலகம்) மட்டும் பதினேழு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் லீவு போட்டதால் கணக்குத் தப்பாது.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற டவுன். பெயர் வேண்டாம், அதே கவுண்டர்களில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பல் ஏறிய சமயம், என் மாமனாரின் அப்பா சீட்டுப் பிடித்த பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினார். துண்டாடலைச் சமாளிக்கத் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்குவதற்குள் எங்கள் தோட்டம் பத்துப் பன்னிரண்டு கைகளுக்குப் போய்விட்டது. தாத்தாவின் துண்டில் ஒரு ஸ்மோக் ஹவுஸும் சேர்ந்து வந்தது. கீழே செங்கல், மேலே பலகை, துத்தநாகக் கூரை. பால் சீட் போடுவதை விட்டுவிட்டு எல்லாரும் கட்டிப்பாலாக (உறைந்த ரப்பர் பால்) விற்கத் தொடங்கியதும் அதில் ஆடு கட்டினார்கள். ஆடும் போனபிறகு பாம்புதான்.

வாடகை வீட்டை விற்கப்போவதாக முதலாளி சொன்ன அன்று ராத்திரி, "அந்தக் கொட்டகையையே வீடாக்கிட்டா என்ன?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் சரி என்றேன். கேட்கிறபோது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் தப்பு, காண்டிராக்டரை முதலில் கூப்பிட்டது. அவர் வந்து தூண்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "எல்லாம் செங்கால் மரம், இன்னும் அறுபது வருஷம் நிற்கும்" என்றார். நாங்கள் மயங்கிப்போய் முன்பணமும் கொடுத்துவிட்டோம். அப்புறம் வந்த பிளான் வரைபவர் தூணைத் தட்டவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "கெரான் யார் பேர்ல இருக்கு?"

கெரான் என்றால் நிலப் பட்டா. அது தாத்தா பேரில். அவர் 1994-லேயே காலமாகிவிட்டார். கிழங்கு போடவும் கோழி வளர்க்கவும் யாரும் கெரான் கேட்கவில்லை, அதனால் பேர் மாற்றவும் யாருக்கும் தோன்றவில்லை. நிலவரியை மட்டும் மாமா, அதாவது என் மாமனார், தவறாமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வரி கட்டினால் நிலம் நம் பேருக்கு வந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. வராது. கொஞ்சம் கட்டணம் கட்டி ஒரு சாரியான் (நிலப் பதிவுத் தேடல்) எடுத்தால் கெரானில் யார் பேர், நிலம் என்ன வகை, என்ன நிபந்தனை, கடன் ஏதும் உண்டா, எல்லாம் ஒரே தாளில் வரும். நாங்கள் அதை எடுத்தது முன்பணம் கொடுத்து இரண்டு மாதம் கழித்து.

சிறு சொத்துப் பங்கீட்டுக்கு போராங் ஏ (ஏ படிவம்) பூர்த்தி செய்து கொடுத்தோம். அது ஒன்றும் பெரிய வேலையில்லை. வாரிசுகள் எல்லாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மாமாவோடு சேர்த்து ஆறு பேர். ஜொகூரில் இருக்கும் பெரிய அத்தை ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டு, புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். விசாரணை அறை வாசலில் கைப்பையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஐசி (அடையாள அட்டை) ஜொகூரில், பூஜை அறை டிராயரில். விசாரணை தள்ளிப்போனது. வர முடியாத வாரிசு முன்கூட்டியே சம்மதக் கடிதம் எழுதி அனுப்பலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அத்தைக்கு முட்டிவலி மிச்சம்.

அதைவிட மோசம் எழுத்துப் பிரச்சினை. கெரானில் தாத்தாவின் பேர் கடைசியில் 'ஒய்' போட்டு இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் 'ஐ'. மாமாவின் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழ்) அப்பா பேர் மூன்றாவது விதம். தமிழில் எழுதினால் ஒரே பேர், ரூமியில் (ரோமன் எழுத்து) மூன்று ஆட்கள். இளவயது கிராணி (குமாஸ்தா) ஒருவர் மூன்று தாளையும் வரிசையாக வைத்து, "இது ஒரே ஆள்தான் என்று நான் எப்படி நம்புவது, கா?" என்று என்னையே கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் சூராட் அக்குவான் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதி முத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூன்று எழுத்து விதங்களையும் ஒரே அக்குவானில் போடுங்கள். நாங்கள் இரண்டை மட்டும் போட்டுவிட்டு, மூன்றாவதுக்காக இன்னொரு நடை நடந்தோம்.

ஒருவழியாக நிலம் மாமா பேருக்கு வந்தது. அப்பாடா என்று பிளானைத் தூக்கிக்கொண்டு போனால், கவுண்டரில் சாரியான் தாளைப் பார்த்தவர், "வகை பெர்தானியான், வீடு கட்ட முடியாது, முதலில் துக்கார் ஷாராட் செய்யுங்கள்" என்றார். பெர்தானியான் என்றால் விவசாயம், துக்கார் ஷாராட் என்றால் நிபந்தனை மாற்றம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றினால் பிரீமியம் கட்ட வேண்டும். வீடு நிற்கிற இடத்தை மட்டும் மாற்றலாம், அதற்கு நிலத்தைப் பிரிக்க வேண்டும், பிரிக்க சர்வேயர் வேண்டும். நாங்களும் சர்வேயருக்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். ஐந்து மாதம் அதிலேயே ஓடியது.

ஒரு நாள் அதே ஆபீஸில், பென்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்க் கிராணி ஒருவர் என் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, நீங்க குடியிருக்கத்தானே? வாடகைக்கு விடலையே?" இல்லை என்றேன். "அப்ப எதுக்கு மாத்துறீங்க?" தேசிய நிலச் சட்டம் 115-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். விவசாய நிலத்தில் அதன் உரிமையாளர் குடியிருக்க வீடு வைத்துக்கொள்ள அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. வீடு நிலத்தில் எவ்வளவு பங்கை எடுக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, கவுன்சில் அனுமதி தனியாக வேண்டும். ஆனால் வகையை மாற்றத் தேவையில்லை. மாமா கெரானைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கும்பிட்டார். அந்த 1,500 வெள்ளி திரும்பி வரவில்லை.

கவுண்டரில் 'முடியாது' என்றால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும்.

கட்டட அனுமதி எட்டு வாரத்தில் வந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. விவசாய நிலம் என்றதும் வங்கி கடன் தரவில்லை. என் நகையும் மாமாவின் சேமிப்பும்தான்.

கட்டட வேலையில் எங்களை அழவைத்தது சுவர். எத்தனையோ வருஷப் புகை செங்கலுக்குள் தார் மாதிரி இறங்கியிருக்கிறது. தேய்த்துக் கழுவி, காயவைத்து, வெள்ளை எமல்ஷன் அடித்தோம். பளிச்சென்று இருந்தது. பதினெட்டாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் சுவர் முழுக்கத் தேத்தண்ணிக் கறை. அதுவும் வரிவரியாக. பால் சீட் தொங்கவிட்ட கழிகள் எந்த உயரத்தில் இருந்தன என்று சுவரைப் பார்த்தே சொல்லலாம். பெயிண்டில் உள்ள தண்ணீரே கறையை வெளியே இழுத்துவிடும் என்று பக்கத்து கம்போங் பெயிண்டர் சொன்னார். எல்லாவற்றையும் சுரண்டி, எண்ணெய் சீலர் இரண்டு கோட், அதற்கு மேல்தான் எமல்ஷன். வடக்குச் சுவரை மட்டும் நாங்கள் வெள்ளை அடிக்கவே இல்லை, கறுப்பாகவே விட்டுவிட்டோம். மாமாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நடுவில் இருந்த அடுப்புக் குழியைப் பழைய பலகைத் துண்டுகளைக் கொட்டி மூடப் பார்த்தார்கள். விடாதீர்கள், கரையானுக்கு விருந்து வைப்பதுபோல. மணலும் கல்லும் போட்டு இடித்து நிரப்ப வையுங்கள். பின்னால் சார்பு இறக்கிய கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்று தெரியாமல் ஒரு பையன் கடப்பாரையை ஓங்கிவிட்டான். நல்லவேளை, பிளான் வரைபவர் அங்கே நின்றார். உடைக்காமல், தண்ணீர் தெளித்து, தாள் தாளாக இறக்கி, அதற்கென்று லைசென்ஸ் உள்ளவர்களிடம் ஒப்படைத்தோம். செலவுதான், வேறு வழியில்லை.

கடைசியாக ஒரு வீண் நடை. வீடு முடிந்ததும் கவுன்சிலில் சிஎஃப் (குடியிருக்கத் தகுதிச் சான்றிதழ்) வாங்க வேண்டும் என்று மாமாவின் சிநேகிதர் அடித்துச் சொன்னார். காலை எட்டு மணிக்குப் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். சிஎஃப் போய் சிசிசி (கட்டட நிறைவுச் சான்றிதழ்) வந்தது 2007-இல், அதைக் கொடுப்பது கவுன்சில் இல்லை, நம் பிளானுக்குப் பொறுப்பேற்ற நிபுணரே போராங் எஃப்பில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அவர் அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், நாங்கள் எங்கே போனோம் என்று தெரியாமல்.

இப்போது மழை பெய்தால் வீட்டில் லேசாகப் புகை வாசனை வருகிறது. பிள்ளைகள் அதை 'தாத்தா வாசனை' என்கிறார்கள். வீட்டு நம்பர் தகடு போன வாரம் வந்தது, வாசல் தூணில் ஆணி இறங்கவில்லை, டிரில் போட வேண்டியதாயிற்று. நேற்று முதல் சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில்லும் வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அவர் பேரில் ஒரு எழுத்து தப்பு.