ராத்திரிப் பால்

"ராத்திரி பாட்டில்ல பால் கொடுத்துப் படுக்க வைக்கிறீங்களா பாட்டி?" கேள்வி மட்டும்தான் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்ட தொனி வேறு.

நாலு வயசுப் பேரன். காலையில் கரகரத்த குரல், படுத்தால் இருமல், அடிக்கடி காதுவலி. அமிலம் தொண்டைவரை எதுக்களித்தாலும் இப்படி வரலாம். 2002இல் இங்கிலாந்தில் குழந்தைகளின் நடுக்காதில் தேங்கிய நீரில், வயிற்றில் சுரக்கும் செரிமான நொதியான பெப்சினைக் கண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழல் குட்டை, கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் வேறு இருக்கும். "ஆமா சாமி, அது இல்லாட்டி தூங்க மாட்டான்" என்றார் பாட்டி. படித்தது பொருந்திவிட்ட சந்தோஷம் எனக்கு. பாலை நிறுத்தச் சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எழுதினேன்.

அம்மா கதவுவரை போய்த் திரும்பினார். "பஸ்ஸுல மேட்டுப்பாளையம் இறங்கறப்பல்லாம் காதைப் பொத்திக்கிட்டு அழுவான் சார்."

"மலை இறங்கினா யாருக்கும் அடைக்கத்தானேம்மா செய்யும்."

தப்பில்லையே? கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது எனக்கும் அடைக்கிறது. எச்சில் முழுங்கினால் விட்டுவிடும். அவனுக்கு விடவில்லை என்பதைத்தான் அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் பார்த்தார்கள். இரண்டு காதிலும் பசைபோல நீர், மூக்குக்குப் பின்னால் காதுக்குழல் வாயை அடைக்கும் அளவுக்குப் பெருத்த அடினாய்டு சதை. கூப்பிட்டால் திரும்பாததை வீட்டில் விளையாட்டுப் புத்தி என்று நினைத்திருக்கிறார்கள். என் சீட்டில் 'செவிப்பறை சற்று மங்கல்' என்று இருக்கிறது, என் கையெழுத்துதான்.

அன்றே அனுப்பியிருந்தாலும் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த நீர் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். சரி, ஆனால் காது மந்தம் என்று தெரிந்து பொறுப்பது வேறு. நெஞ்செரிச்சல் மாதிரி அறிகுறி இல்லாமல் வெறும் இருமலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து வேண்டாம் என்று குழந்தைகளின் எதுக்களிப்புக்கான 2018 மருத்துவ வழிகாட்டியே சொல்கிறது. அதுவும் எனக்குத் தெரியாததல்ல.

ஆனால் பாலை நிறுத்தியபின் குரல் தெளிந்தது நிஜம். பாலா, மாத்திரையா, பனிக்காலம் முடிந்ததா? எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துவிட்டு எதைச் சொல்வது?

ஆபரேஷன் முடிந்து வந்தபோது பாட்டி கேட்டார்: "என் பாலாலதானே சாமி காது அடைச்சது?"

இல்லை என்றேன். அடினாய்டைப் படம் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டு வயசுப் பேத்திக்கும் இப்போது ராத்திரியில் பால் கொடுப்பதில்லையாம். கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. படுக்கையில் பாட்டில் பல்லுக்கும் கெடுதல்தானே.