முந்தானையில் முடிந்த பீஸ் கட்டை

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்துத் தோப்பு ஒன்றில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிற கூட்டம், பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். கிணற்றில் குளியல், கல்லடுப்பில் சமையல். கிணற்றுக்கு நான், அடுப்புக்குப் பக்கத்து ஊர் அக்கா ஒருவர்.

நீச்சல் சொல்லிக்கொடுக்கத்தான் போனேன். பாதி நேரம் "வேணாம்"னு சொல்வதிலேயே போனது. வைகை ஆற்றுப் பேரணை மதகில் தண்ணீர் திறந்துவிட்டால் பெரியாறு வாய்க்கால் கரை தொட்டு ஓடும். 1895-லிருந்து மலையைக் குடைந்து வருகிற தண்ணீர், பார்த்தாலே குதிக்கத் தோன்றும். இழுப்பு மேலே தெரியாது. "அண்ணே, இங்கயே குளிச்சா என்ன?" என்று வேனிலிருந்தே ஆரம்பிப்பார்கள்.

கிணறு மட்டும் லேசா? மேலாக இரண்டு முழம் வெதுவெதுப்பு, அதற்குக் கீழே கால் போனால் சுரீரென்று குளிர். புது ஆளுக்கு அங்கேதான் மூச்சு முட்டும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் இறக்குவேன். லாரி டியூப் இல்லையா என்று சிரிப்பார்கள். டியூப் கையை விட்டால் போச்சு, குடுக்கை முதுகோடு இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மோட்டார் ரூமில் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி அக்காவிடம் கொடுத்துவிடுவேன். பழைய வயர், எங்கே கசியும் என்று யாருக்குத் தெரியும்? அக்கா அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு மீனைப் பார்க்கப் போய்விடுவார்.

மீன் என்றால் அயிரை. உயிரோடு வாங்கி, பால் கலந்த தண்ணீரில் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கும். பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசுவார். துள்ளுவதைப் பார்க்க முடியாமல் பட்டணத்துப் பிள்ளைகள் தள்ளிப் போவார்கள், சாப்பிடும்போது மட்டும் முதல் வரிசை. விறகை யாராவது உள்ளே தள்ளினால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். "எரிக்காதய்யா, கொதி அடங்கட்டும்."

ஒரு ஞாயிறு. இறங்கினது பதினொன்று. ஏறச் சொல்லி எண்ணினேன், பத்து. திரும்ப எண்ணினேன், பத்து. குதித்துவிட்டேன். மூன்று தடவை மூழ்கித் தடவினேன், பாசியும் குழாயும்தான் கையில் பட்டன. நான்காவது தடவை தலையைத் தூக்கினால் மேலே சத்தம்.

மோட்டார் ரூம் வாசலில் அந்தப் பையன், கையில் சார்ஜர். தலை காய்ந்திருந்தது, எப்போது ஏறினானோ!

"அண்ணே, கரண்ட் இல்லையா? எல்லா சுவிட்சையும் போட்டுப் பாத்துட்டேன்."

யாரும் பேசவில்லை. நான் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே கிடந்தேன். அக்கா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கிணற்றோரம் கொடி கட்டினேன். இறங்குகிறவர் துண்டைப் போட வேண்டும், ஏறினால் எடுக்க வேண்டும். துண்டு கொண்டுவராதவருக்கு அக்காவின் கரித்துணி.