வடக்குக் கோபுர டியூட்டி

சேலத்தில் நான் வேலை பார்த்த சிறையில் கோபுர டியூட்டிக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். கூரை கொதிக்கும், பேச்சுத்துணை கிடையாது. புதுக் கைதிகளைப் பதியும் அட்மிஷன் மேசைக்குத்தான் போட்டி. அங்கே ஃபேன் உண்டு, டீ வரும்.

எனக்கும் முதலில் அந்த மேசைதான் பிடித்தது. எதிரே சுண்ணாம்புச் சுவர், பக்கத்தில் இரும்புக் கதவு. சாயங்காலமானால் கோர்ட்டிலிருந்து ரிமாண்ட் ஆட்கள் வருவார்கள். பெயர், அங்க அடையாளம், சோதனை, கையெழுத்து. ஒருவன் அழுவான், ஒருவன் முறைப்பான். பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனாலும் வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்கூடக் காதில் அந்தக் கதவுச் சத்தம்தான். ஒருநாள் பிள்ளைகளை ‘வரிசையில் நில்’ என்று அதட்டிவிட்டேன். “ஏங்க, இது வீடு” என்றாள் மனைவி.

அப்புறம் ஒரு மாதம் வடக்குக் கோபுரம் போட்டார்கள். மதிலுக்கு மேலே சேர்வராயன் மலை. மழை நாளில் அதன் இடுப்பில் மேகம் துண்டு கட்டியிருக்கும். கோடையில் காய்ந்த சரிவில் தீப்பிடித்தால் ராத்திரி சிவப்புக் கோடாக ஊரும். ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் வண்டி விளக்கு தெரியும், மறையும், கொஞ்சம் மேலே போய் மறுபடி தெரியும். பாராவில் கண் கைதிகள் இருக்கும் பிளாக்கின் மேல்தான் இருக்க வேண்டும், இருந்தது. நடுவில் பத்து விநாடி நிமிர்ந்தால் தோள் தானாக இறங்கும். மாதம் முடிந்ததும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். “கிறுக்கா உனக்கு?” என்றார்கள்.

இதை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநில ஜாக்சன் சிறையைப் பற்றி 1981-இல் வெளியான ஆய்வில், வயல்வெளி தெரியும் அறைக் கைதிகளைவிட உள்முற்றம் மட்டும் தெரிந்தவர்கள் 24 சதவீதம் அதிகமாக மருத்துவ உதவி தேடிப் போயிருந்தார்கள். அது கைதிகள் கதை. கலிபோர்னியாவின் சோனோமா சிறையிலோ அட்மிஷன் பகுதியில் பெரிய இயற்கைக் காட்சிப் படம் ஒட்டி, காவலர்களின் இதயத் துடிப்பை அளந்தார்கள். அதே மேசை, அதே வேலை! காவலருக்கும் நெஞ்சு உண்டு என்று யாரோ நினைத்தார்களே, அதுவே எனக்குப் பெரிசு.

மறுபடி அட்மிஷன் முறை வந்தபோது, கொலுசுக் கடை காலண்டர் ஒன்றில் ஏற்காட்டுக் கிளியூர் அருவி படம் கிடைத்தது. ஆணி அடிக்க விடவில்லை. சரி என்று பசை தடவி எதிர்ச்சுவரில் ஒட்டினேன். அளக்க என்னிடம் கருவி இல்லை. ஒரு சாயங்காலம், அதுவரை வாயே திறக்காத மலைக்காரப் பையன் ஒருவன் சுவரைப் பார்த்து, “கிளியூர்தானே சார்?” என்றான். “ஆமாம்ப்பா” என்றேன். அதன்பின் பெயர் கேட்டேன், சொன்னான்.