சங்கத்தில் சேராதவருக்கும் சங்கத்தின் சம்பளம்

நோர்வேயில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகச் சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது என்றால் யாழ்ப்பாணத்தில் உள்ள என் உறவினர்கள் நம்புவதில்லை. இங்கே சம்பளத்தைப் பெரும்பாலும் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சங்கங்களும் பேசித் தீர்மானிக்கின்றன. இதன் பெறுமதியை நானே மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன்.

நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலையில் குருநகர், பாசையூர், பருத்தித்துறை ஆட்களோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டிய காலத்தில், தேநீர் இடைவேளையில் சங்கப் பிரதிநிதி படிவத்தோடு வந்தால் எங்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இலங்கையில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் என் மாமாவும் ஒருவர். “தம்பி, சங்கம் கிங்கம் எண்டு போயிடாதை” என்றுதான் அம்மா எழுதியிருந்தார்.

அந்தப் பிரதிநிதி ஒருநாள் என் சம்பளச் சிட்டையை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். வழமையான வேலை நேரம் முடிந்தபின் மாலையில் செய்த வேலையையும் சாதாரண மணித்தியாலமாகக் கணக்கிட்டிருந்தார்கள். மேலதிக நேரத்துக்குக் குறைந்தது 40 வீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த சம்பளத்தில் நிலுவை வந்தது, நானும் அங்கத்தவரானேன்.

பொதுமக்களுக்குச் சங்கங்களால் என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு நான் நோர்வேயின் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்வேன். வெளிநாட்டிலிருந்து வருவோரை அரைச் சம்பளத்துக்கு அமர்த்தும் துறைகளில், சங்கங்கள் பேசி வென்ற அடிப்படைச் சம்பளத்தை அங்கத்தவர் அல்லாதவருக்கும் கட்டாயமாக்க அது வழிசெய்கிறது. 2011இல் துப்புரவுத் தொழிலுக்கும் 2015இல் மீன் பதனிடும் தொழிலுக்கும் அது வந்தது. எங்கள் ஆட்கள் நிறையப்பேர் செய்த வேலைகள் இவை. நியாயமான சம்பளம் கொடுக்கும் முதலாளி, அதைக் கொடுக்காதவனிடம் ஒப்பந்தத்தை இழக்காமல் இருப்பதும் ஊருக்கு நன்மைதானே.

வேலைநிறுத்தத்தால் மக்கள் படும் துன்பத்தை நான் மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் “சுகவீன விடுமுறைப் போராட்டம்” என்று திடீரென அறிவித்த நாளில், நெடுந்தீவிலிருந்து விடியற்காலைப் படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து வந்த ஒரு கிழவி, கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்தபடி பூட்டிய கதவின் முன் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நோர்வேயில் சங்கமும் முதலாளிமாரும் செய்த சம்பள ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அதில் அடங்கிய விடயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அது முடிந்த பின்னும் முதலில் அரச மத்தியஸ்தர் இரு தரப்பையும் பேசவைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அரசு தலையிட்டுக் கட்டாயத் தீர்ப்புக்கு அனுப்பிவிடும். சங்கத்தார் இதை விரும்புவதில்லை. அந்தக் கிழவியை நினைத்து நான் இதை ஏற்கிறேன்.

ஊரில் புடவைக் கடையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்யும் என் மருமகளிடம், ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம் என்றேன். “ஏழு பேரும் அடுத்தநாள் வீட்டிலதான் நிப்பம், மாமா” என்றாள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதை இலங்கையின் 1999ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடைசெய்கிறது. அதைக் கடைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லி, அவர்கள் பக்கத்தில் வந்து நிற்பதற்கு, அரச ஊழியருக்காக இத்தனை உரத்துப் பேசும் நம்மூர்ச் சங்கங்கள் முன்வர வேண்டும்.