அக்காவின் ஈ.பி.எஃப். காசு

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதா மாதம் 15ஆம் தேதிக்குள் ஆட்களுக்கு பி.எஃப். கட்டுவது என் பொறுப்பு. அதனாலேயே இலங்கைக் கடன் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், அந்த ஊர் ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) என்ன ஆச்சு என்றுதான் முதலில் தேடுவேன். இன்னொரு காரணமும் உண்டு. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாத்தா இந்தப் பக்கம் வந்துவிட்டார். பெரியப்பா குடும்பம் இலங்கையில் ஹட்டன் பக்கமே தங்கிவிட்டது. பெரியப்பா மகள், என் அக்கா, இன்றைக்கும் அங்கே தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்.

அந்த நாடு விழுந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 கடைசியில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அப்புறம் கொரோனா, 2021இல் ரசாயன உரத் தடை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அக்காவின் நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபாய். மூன்று வேளையும் ரொட்டி சுட்ட வீட்டில், கோதுமை மாவு விலை ஏறியதும் ஒரு வேளை மரவள்ளிக் கிழங்காகிவிட்டது.

2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. 2032க்குள் பொதுக்கடன் ஜி.டி.பி.யில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. 2024 ஜனவரியில் வாட் 18 சதவீதமானது. வரி வாங்காமல் எந்த அரசும் நடக்காது, அதில் எனக்கு மறுப்பில்லை.

என் மனசு ஆறாதது, அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றியமைத்ததில்தான். 2023இல் வங்கிகள் கையிலிருந்த அரசுப் பத்திரங்களைத் தொடவில்லை. தொட்டால் வங்கிகள் சரியும், டெபாசிட் போட்டவர்கள் தவிப்பார்கள் என்றார்கள். நியாயம்தான். ஆனால் ஈ.பி.எஃப். தொழிலாளர் காசில் வாங்கி வைத்திருந்த அரசுப் பத்திரங்களை மாற்றினார்கள். புதுப் பத்திரத்துக்கு 2025 வரை 12 சதவீத வட்டி, அதற்கப்புறம் 9. ஒத்துக்கொள்ளாத நிதிக்கு வருமான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்றார்கள். இது சம்மதம் கேட்பதா?

தொழிலாளர் கணக்கிலுள்ள இருப்பில் கை வைக்கவில்லை என்கிறார்கள். கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், விலைவாசி அப்படி ஏறின பிறகு அதே இருப்பு அதே காசு இல்லை. வெளிநாட்டுப் பத்திரக்காரர்களும் அசலில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள், உண்மை. ஆனால் அவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் பேரம் பேசினார்கள். பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் தங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்படி பத்திரத்திலேயே எழுதி வாங்கினார்கள். அக்காவுக்கு அப்படி எழுதித் தர யாரும் இல்லை.

அவர் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஈ.பி.எஃப்., சங்கச் சந்தா, கோயில் பணம், அட்வான்ஸ் என்று வரிசையாகப் பிடித்தம். மற்றதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார், ஈ.பி.எஃப். பிடித்தத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். “அது எங்கே போயிரும் தம்பி, கவர்மென்ட்டுகிட்டதானே இருக்கு” என்பார்.

அங்கே பெண்களுக்கு 50 வயதானால் அந்தக் காசை எடுக்கலாம். அக்காவுக்கு அந்த வயது நெருங்குகிறது. 2028 முதல் நாடு வெளிக்கடனை மறுபடி பெரிய அளவில் கட்ட ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள், நாள் கடத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று தோட்ட ஆபீஸில் கேட்டு வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.